சுவர் பூத்த வெள்ளை

நடேசன் யாரையும் நம்பாதவர். துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்கிய காலத்தில், கயிறு கெட்டியாக இருக்கிறது என்று அடுத்தவன் சொன்னதை நம்பியவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். நம்பாத நடேசன் எழுபது தாண்டியும் தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாம் மாடி வீட்டில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அரசாங்கப் பாலிகிளினிக்கில் மருந்து எடுத்துத் தருகிற பெண் சிரித்தால், அவள் எதையோ மறைக்கிறாள் என்பார். மேல் வீட்டில் நாற்காலி நகர்ந்தால், வேண்டுமென்றே நகர்த்துகிறார்கள் என்பார்.

ஆகவே ஒரு காலையில் மனைவி சாமுண்டீஸ்வரி கூடத்திலிருந்து, "ஏங்க, சக்தி வந்திருக்கான்" என்று கூப்பிட்டபோது, அவர் முதலில் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

பூட்டித்தான் இருந்தது.

சக்தி அவர்களுடைய ஒரே மகன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். போன வருடம் அடைமழையில், விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தான். பின்னால் லாரி. அதற்கு மேல் அதைப் பற்றி நடேசன் யாரிடமும் பேசியதில்லை. இப்போது அவன் கூடத்துச் சுவரில் படமாகத் தொங்கினான். படத்துக்குக் கீழே சின்னப் பலகை, பலகையில் விளக்கு. அந்த விளக்கைச் சுற்றி அன்றைக்கு வெள்ளையாகப் பொடி கொட்டிக் கிடந்தது. சுவரிலும், படத்தின் கீழ் விளிம்பை ஒட்டி, நரைத்த மீசை மாதிரி ஒரு பட்டை பூத்திருந்தது.

"திருநீறுங்க. தொட்டுப் பாருங்க, எப்படி மெத்துனு இருக்கு."

"திருநீறா? கரப்பான்பூச்சி மருந்து. நீதான் தூவியிருப்ப."

"எம்புள்ள படத்துல நான் எதுக்கு மருந்து தூவுறேன்?"

நடேசன் ஈரத்துணியை எடுத்து வந்து ஓங்கித் துடைத்தார். சுவர் ஈரத்தில் கறுத்துச் சுத்தமானது. "பாத்தியா, போச்சு" என்றார். மத்தியானம் சோறு தின்று கை கழுவி வந்து பார்த்தால், சுவர் காய்ந்திருந்தது. அதே இடத்தில் அதே மீசை. மறுபடி துடைத்தார். நனைந்தபோது காணாமல் போனது. காய்ந்ததும் வந்து நின்றது. அவருக்கு எரிச்சல் வந்தது. ஒரு சிட்டிகை பொடியை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கு கலக்கென்று கலக்கினார். தண்ணீர் பால் மாதிரி ஆனது. கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்தது. பொடி போட்டபடியே அடியில் கிடந்தது.

சாமுண்டீஸ்வரி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கும் இப்படித்தாங்க."

"என்னைக்கு?"

"படகுல போயி அஸ்தி கரைச்ச அன்னிக்கு. கரைச்சாச்சு, திரும்பிப் பாக்காம வாங்கன்னாரு ஐயரு. எல்லாரும் வந்தீங்க. நான் திரும்பிப் பாத்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அவன் கரையவே இல்லைங்க. வெள்ளை வெள்ளையா அப்படியே கீழ போனான். தண்ணி அவனை எடுத்துக்கல. அதான் வீட்டுக்கு வந்துட்டான்."

நடேசனுக்குப் புறங்கழுத்தில் சில்லென்றது. எழுந்து போய் விசிறியின் வேகத்தைக் குறைத்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் அந்தப் பொடியை நெற்றியில் பூசினாள், பிறகு நாக்கில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அவளுக்கு ரொம்ப காலமாக நெஞ்செரிச்சல். மல்லாந்து படுக்க முடியாது. பொடி சாப்பிட்ட பிறகு எரிச்சல் நின்றுவிட்டது. "நெஞ்சுல கைய வச்சுத் தடவிக் குடுக்குற மாதிரி இருக்குங்க" என்றாள். நடேசனால் மறுத்துப் பேச முடியவில்லை, ஏனென்றால் அவள் மல்லாந்து படுத்துத் தூங்குவதை அவரே பார்த்தார்.

பிறகு ஒருநாள் அரிசி வாளிக்குப் பின்னால் கை விட்டபோது, சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அட்டை அட்டையாகப் பிரிக்காமல் கிடந்தன.

"இதெல்லாம் எனக்கு இனிமே எதுக்குங்க? அவன் பாத்துப்பான்."

பாலிகிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் பெண் சாமுண்டீஸ்வரியின் கால் கட்டைவிரலில் ஆறாமல் கிடந்த புண்ணைப் பார்த்தாள், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாள், அப்புறம் சிரிக்கவே இல்லை. மாத்திரையை விட்டால் காலை எடுக்கும்படி ஆகும், அப்புறம் சிறுநீரகம், அப்புறம் சொல்ல முடியாது என்றாள். சிரிக்காத டாக்டரை நடேசன் நம்பினார். வீட்டுக்கு வந்ததும் கத்தினார். "செத்துத் தொலையணும்னு இருக்கியா? நாளைக்கே போ, எனக்கென்ன!" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவாங்க. அவன் தூங்குறான்."

மறுநாள் நடேசன் தேக்காவுக்குப் போனார். அங்கே சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் ஜலாலுதீனுக்கு மளிகைக்கடை. இருவருக்கும் இளவட்டக் காலத்துப் பழக்கம்.

"என்ன நடேசா, மூஞ்சி ஊசிப்போன ரொட்டி மாதிரி இருக்கு?"

"பாய், திருநீறு அசலா போலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதை என்கிட்ட வந்து கேக்குற பாரு. தலையில தொப்பி இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதா இல்லையா லா?"

"நீதானே விக்கிற."

"விக்கிறேன். பூசிக்கல." ஜலாலுதீன் சிரித்துக்கொண்டே கோலப்பொடிக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். இரண்டாக ஒடித்தார். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டார். அதிலிருந்து சின்னச் சின்னக் குமிழாக வந்தது. "இது ஒண்ணுமில்ல, உள்ள இருக்கிற காத்து வெளிய வருது. அப்புறம் ஊறி மெத்துனு ஆகும். உதிரும். ஆனா கரையாது, நீ எத்தனை நாள் போட்டு வச்சாலும் கரையாது. இப்ப இதைப் பாரு." இன்னொரு துண்டின் மேல் வினிகரை ஊற்றினார். அது சுர்ரென்று இரைந்து நுரைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டு இளைத்தது. "புளிப்பு பட்டா சாக்பீஸு இரையும். புளிப்பு அதைத் தின்னே தீத்துடும். திருநீறுல சாக்பீஸ் மாவு கலந்திருந்தாலும் இப்படித்தான் இரையும். அசல் கம்முனு கிடக்கும்."

"யார் சொன்னது?"

"என் மாமனார்."

"உனக்குப் பொண்ணு குடுத்த மனுஷன். அவர் பேச்சை நம்பச் சொல்றியா?"

என்றாலும் ஒரு பாட்டில் வினிகரை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் சாமுண்டீஸ்வரியை உட்காரவைத்தார். சுவர்ப் பொடியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அவள் கண்ணுக்கு முன்னால் வினிகரை ஊற்றினார். பொடி இரைந்தது. நுரை பொங்கிக் கிண்ணத்தின் பாதிக்கு ஏறியது.

"பாத்தியா! சாக்பீஸ் மாவு! சுண்ணாம்பு! மேல் வீட்டுக்காரி பாத்ரூம் தண்ணி சுவருக்குள்ள இறங்குது. சிமெண்டுல இருக்கிற சுண்ணாம்பை இழுத்துட்டு வெளிய வருது. அவ்வளவுதான் உன் திருநீறு. இனிமே மாத்திரையை முழுங்கு."

அவள் அதைக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கிண்ணத்தின் வாயில் வைத்திருந்தாள்.

"பேசுறான்" என்றாள்.

"என்னத்தைப் பேசுறான்?"

"சும்மா இருங்க. கேளுங்க."

அவள் சொல்வது பொய் என்று காட்டத்தான் நடேசனும் குனிந்தார். சக்தி வேலை முடிந்து வந்து, வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒரு நீளமான மூச்சு விடுவான். அந்த மூச்சு கிண்ணத்துக்குள்ளிருந்து வந்தது. நடேசன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அவர் லேசில் விடுகிறவர் இல்லை. அலமாரியிலிருந்து கோயில் திருநீறுப் பொட்டலத்தை எடுத்து ஒரு தட்டில் கொட்டி வினிகர் விட்டார். ஜலாலுதீனின் மாமனார் சொன்னபடி அது கம்மென்று கிடக்க வேண்டும். அதுவும் இரைந்தது, கொஞ்சம் மெதுவாக. குப்பையிலிருந்து முட்டை ஓட்டை எடுத்தார். அதன் மேலெல்லாம் குமிழ் அப்பி, இரைந்தது. நெஞ்செரிச்சலுக்குச் சப்புகிற பழைய மாத்திரை ஒன்று இழுப்பறையில் கிடந்தது, அதுவும் இரைந்தது. வெற்றிலைப் பெட்டியில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பு, அதுவும். மேசை முழுக்கத் தட்டும் கிண்ணமுமாக, எல்லாம் ஒரே நேரத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தன.

"இப்பச் சொல்லு! முட்டை ஓடு பேசுது. முட்டையும் உம்புள்ளையா?"

சாமுண்டீஸ்வரி மேசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். மகன் போன பிறகு முதல்தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"எல்லாத்துலயும் இருக்கான்" என்றாள்.

அவள் மறுபடி குனிந்தாள்.

"என்னமோ சொல்றான், எனக்கு விளங்கல. உங்களுக்கு விளங்குதா பாருங்க."

நடேசன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் அவளுடைய கால் கட்டுத் துணியைப் பார்த்தார். மஞ்சளாக ஊறியிருந்தது.

"மாத்திரை சாப்பிடச் சொல்றான்."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

பொய் சொல்கிறவர்களை வாழ்நாள் முழுக்கக் காறித் துப்பிய மனிதர், முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். முதுகுக்குப் பின்னால் மாத்திரை அட்டை பிரிகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. காலையில் விளக்கு ஏற்றியதும் பொடியைக் கூட்டி எடுப்பாள், அதைச் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். நெற்றிக்குத் துளி, மீதி கிண்ணத்துக்கு. வினிகர் ஊற்றுவாள். நடேசன் குனிந்து கேட்பார், நிமிர்ந்து சொல்வார். மாத்திரை சாப்பிடச் சொல்றான். இனிப்பு வேணாங்கிறான். மழை வரும், குடை எடுத்துட்டுப் போகச் சொல்றான். வீடு ஊறுகாய் ஜாடி மாதிரி நாறியது. கால் புண் காய்ந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதைப் பார்த்து டாக்டர் பெண் சிரித்தாள். நடேசனுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. இரைச்சல் எப்போது வரும் என்று அவரே காத்திருக்க ஆரம்பித்தார். அவள் விளக்கேற்றத் தாமதமானால் கோபம் வந்தது. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு குனிவார். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிடும்.

ஒருநாள் நிமிர்ந்து, "லாரிக்காரன் விளக்கே போடலைன்னு சொல்றான்" என்றார்.

சாமுண்டீஸ்வரி கையிலிருந்த மாத்திரை கீழே விழுந்து உருண்டது. இருவரும் அதை எடுக்கவில்லை. ஏன் அதைச் சொன்னோம் என்று நடேசனுக்குத் தெரியவில்லை. லாரி விளக்கைப் பற்றி போலீஸும் சொன்னதில்லை, அவரும் நினைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் ஆட்கள் வந்து பாத்ரூம் தரையை உடைக்க ஆரம்பித்தார்கள். நடேசன் படியேறி ஓடினார். மேல் வீட்டில் இருந்தது ஒரு சீனக் கிழவி. இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பேசுகிற மலாய்தான். அதில் நடேசன், உடைக்காதே, நிறுத்து என்றார்.

"அப்பா மச்சாம், என்ன இது அங்கிள்? ஒழுகுது ஒழுகுதுன்னு வீட்டு வாரிய ஆபீஸுக்கு மனுப் போட்டது நீதானே? ஆறு மாசமா என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பின. இப்ப சரி பண்ண வந்தா வேணாங்கிற. பைத்தியமா?"

மனுப் போட்டது அவர்தான். மூஞ்சியைத் திருப்பியதும் அவர்தான். சக்தியின் படத்துக்குப் பின்னால் தண்ணீர் இறங்கட்டும், விட்டுவிடு என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை. இறங்கி வந்துவிட்டார்.

சுவர் காய்ந்தது. பலகையில் பொடி விழுவது குறைந்து, நின்றது. சாமுண்டீஸ்வரி சுவரைக் கரண்டியால் சுரண்டினாள். சுரண்டியதில் ஒரு சிட்டிகை வந்தது. அதைக் குங்குமச் சிமிழில் போட்டு மூடி, இடுப்பில் செருகிக்கொண்டாள். நடேசன் வினிகர் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"வேணாம்" என்றாள்.

"மாத்திரை?"

"கடல் தண்ணியில கரையாதவன்ங்க அவன். இதுல கரைஞ்சுட்டான். பேசட்டும் பேசட்டும்னு நம்மளே அவனைக் கொஞ்சம் கொஞ்சமா தீத்துட்டோம்." அவள் சிமிழை வெளியிலிருந்து தடவிப் பார்த்தாள். "இனிமே எனக்கு ஒண்ணும் வேணாம்."

மாத்திரை மறுபடி அரிசி வாளிக்குப் பின்னால் போனது. புண் மறுபடி வாய் திறந்தது. நடேசன் கத்திப் பார்த்தார், கெஞ்சத் தெரியாததால் இன்னும் கத்தினார். அவள் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

அவர் ஜலாலுதீன் கடைக்குப் போகவில்லை. பாய் நூறு கேள்வி கேட்பான். வீட்டுக்குக் கீழே கடைவீதியில் பள்ளிக்கூடச் சாமான் விற்கிற ஒரு கடையில் சாக்பீஸ் டப்பா கேட்டார். தூசி பறக்காதது, நல்ல சரக்கு என்று கடைக்காரன் கொடுத்தான். அவள் குளிக்கப் போன நேரத்தில் இடிகல்லில் போட்டு மாவாக இடித்தார். படத்துக்குக் கீழே பலகையில் தூவினார். சுவரிலும் விரலால் அப்பினார். திருடன் மாதிரி இருந்தது. ஊரெல்லாம் திருடன் என்று சந்தேகப்பட்டவர், தன் கையில் இருந்த வெள்ளையை வேட்டியில் துடைத்தார்.

சாமுண்டீஸ்வரி வந்து பார்த்தாள். ஈரத் தலையோடு பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. எடுத்து நெற்றியில் பூசினாள். "வந்துட்டியாப்பா, வந்துட்டியா" என்றாள். பிறகு அவளாகவே கிண்ணத்தை எடுத்து, அவளாகவே வினிகரை ஊற்றினாள். காதை வைத்தாள்.

எல்லா சாக்பீஸும் ஒரே கல்லில் செய்வதில்லை. சிலது சுண்ணாம்புக்கல், சிலது ஜிப்சம் என்கிற வேறு சாதி. ஜிப்சத்தை வினிகர் ஒன்றும் செய்யாது. நடேசனுக்கு அது தெரியாது. வெள்ளையாக இருப்பதெல்லாம் இரையும் என்று, வாழ்க்கையில் ஒரு தடவை, சோதிக்காமல் நம்பிவிட்டார்.

கிண்ணத்தில் சத்தமே இல்லை. ஒரு நுரை இல்லை. பொடி மெதுவாக இறங்கி அடியில் படுத்துக்கொண்டது. அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஆட்டினாள். மறுபடி காதை வைத்தாள். நிமிர்ந்து கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஏங்க, இது அவன் இல்ல."

"என்ன சொல்ற?"

"அவன் இடத்துல வேற யாரோ வந்து உக்காந்திருக்காங்க. கூப்பிட்டா பேச மாட்டேங்குறாங்க." அவள் முந்தானையால் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தாள். "பூசிட்டேனே. யாருன்னு தெரியாம பூசிட்டேனே." தேய்த்த இடம் சிவந்தது, அவள் நிறுத்தவில்லை. "யாருங்க இது? நம்ம வீட்டுக்குள்ள யாருங்க வந்திருக்கிறது?"

நடேசன் அவள் கையைப் பிடித்தார். இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இவள் இனி இந்த வீட்டில் முகம் தெரியாத ஒன்றோடு பயந்து பயந்து இருப்பாள் என்பதும் கூடவே தெரிந்தது.

"யாரும் வரல. நான்தான் வச்சேன். கீழ கடையில வாங்குன சாக்பீஸு."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அப்ப அவன் மாத்திரை சாப்பிடச் சொன்னது?"

"நான் சொன்னது."

"இனிப்பு?"

"அதுவும்."

"குடை?"

"எல்லாம் நான்தான்."

"லாரி விளக்கு?"

நடேசன் படம் இருந்த பக்கம் பார்த்தார். கூடத்தில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அது தெரியல சாமுண்டி. அது நான் நெனச்சுச் சொன்னதில்ல."

அவள் அதை நம்பினாளா இல்லையா என்று அவருக்குப் புலப்படவில்லை.

"ஆக, நான் மாத்திரை சாப்பிடணும்னு சொன்னது நீங்க."

"நான்தான்."

"நேரா சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே. நீ கேக்கல."

"கத்துனீங்க. செத்துத் தொலைன்னீங்க. சொல்லவே இல்லையே."

நடேசன் அவள் கையை விடவில்லை. அவர் பேசியபோது குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"நீயும் போயிட்டா, இந்த வீட்ல நான் அவன்கூடத் தனியா இருக்கணும். எனக்குப் பயமா இருக்கு. மாத்திரையைச் சாப்பிடு."

சாமுண்டீஸ்வரி கையை உருவிக்கொண்டு எழுந்தாள். அரிசி வாளியை நகர்த்தினாள். அட்டையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினாள்.

"தண்ணி கொண்டாங்க."

அவர் கொண்டுவந்தார். அவள் விழுங்கினாள். விழுங்கிவிட்டு, இந்த மனிதரைப் பற்றித்தான் தெரியுமே என்பது போல, அவருக்கு முன்னால் வாயை அகலத் திறந்து காட்டினாள். நடேசன் குனிந்து, நாக்குக்கு அடியிலும் பார்த்தார்.